வீட்டில் கொம்புச்சா: உறைக்கு முழு மதிப்பெண், போத்தலுக்குப் பூஜ்யம்

நாலு மாதத்துக்கு முன்னால் 68 வெள்ளி கொடுத்து இணையத்தில் ஒரு கொம்புச்சா கிட் வாங்கினேன். கொம்புச்சா என்பது இனிப்புத் தேநீரை உறை ஊற்றிப் புளிக்கவைத்துச் செய்யும் கேஸ் பானம். வாங்கிய வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன், இரண்டு மாதம் முன்னால் எழுதியிருந்தால் ஒன்றுகூடக் கொடுத்திருக்க மாட்டேன். இப்போது பத்துத் தடவைக்கு மேல் போட்டு எடுத்துவிட்டதால் நிதானமாகச் சொல்ல முடிகிறது. அதில் வந்த உறை அருமை. கண்ணாடி ஜாடி நல்ல கனம். செய்முறைத் தாள் குளிர்நாட்டுக்காரர்களுக்கு எழுதியது. போத்தல்களில் கொம்புச்சாவை ஊற்றி வைக்கவே கூடாது. கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இதே மாதிரி கிட்டை இணையத்தில் பலர் விற்கிறார்கள், படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு, யாரிடம் வாங்கினாலும் நீங்கள் சரிபார்க்க வேண்டியது இதே விஷயங்களைத்தான்.

வாங்கக் காரணம் என் கணவர். பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இனிப்புப் பானங்களைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவருக்கோ வேலை முடிந்து வந்தால் ஜில்லென்று கேஸ் போட்ட பானம் ஒன்று வேண்டும், தொண்டையில் சுருக்கென்று இறங்க வேண்டும். மோர் கொடுத்தால், "அது வேற, இது வேற" என்பார். 2022 டிசம்பர் 30 முதல் இங்கே சிங்கப்பூரில் டின், போத்தல் பானங்களில் சீனியையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை தரம் சொல்லும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்துவிட்டதே, அதில் சி, டி போட்டதை எல்லாம் தவிர்த்துக்கொண்டே பேரங்காடியில் தேடியபோதுதான் கொம்புச்சா கண்ணில் பட்டது. 330 மில்லி போத்தல் ஐந்தரை வெள்ளி. அவருக்குப் பிடித்துவிட்டது. தினம் ஒன்று என்றால் மாதம் 165 வெள்ளி ஆகிறது, அதைக் கணக்குப் போட்ட அன்றுதான் கிட்டைத் தேட ஆரம்பித்தேன்.

பெட்டியில் 4 லிட்டர் ஜாடி, வாயை மூட ஒரு துணி, ரப்பர் வளையம், சீனி, பத்துத் தேநீர்ப் பைகள், புளிப்பை அளக்கும் பிஎச் தாள், அரை லிட்டர் போத்தல் மூன்று, அப்புறம் ஒரு தடித்த பையில் கொஞ்சம் திரவத்துக்குள் மிதக்கும் ஸ்கோபி என்ற வழவழப்பான தகடு. மாமியார் அப்போது கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, நுங்கைத் தட்டையா அமுக்கி வச்ச மாதிரி இருக்கு" என்றார். பாலுக்கு உறைமோர் ஊற்றுகிற மாதிரி, தேநீருக்கு இது உறை என்று சொன்னேன். "உறையா? அப்படின்னா உறை புளிச்சிருக்கா, போதுமான அளவு இருக்கான்னு முதல்ல பாரு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் என் முதல் ஜாடியைக் காப்பாற்றியது.

விஷயம் என்னவென்றால், எல்லோரும் அந்த வட்டமான தகட்டைத்தான் பெரிதாக நினைக்கிறோம். அது பாக்டீரியா நெய்த செல்லுலோஸ் ஆடை, பாலாடை படர்கிற மாதிரி மேலே படர்வது. கோமகடைபாக்டர் சைலினஸ் என்று ஒரு பாக்டீரியா, அதுதான் நெய்கிறது. தேங்காய்த் தண்ணீரில் அதே வகையை வளர்த்தால் வருவதுதான் நாட்டா டி கோக்கோ, இங்கே இனிப்புக் கடைகளில் ஐஸோடு சேர்த்துப் போட்டுத் தருவார்களே, கடித்தால் நறுக் நறுக்கென்று இருக்குமே, அது. ஆனால் உண்மையான உறை அந்த ஆடையைச் சுற்றியிருக்கும் புளித்த திரவம். ஈஸ்டும் பாக்டீரியாவும் கூட்டமாக இருப்பது அதில்தான், புது தேநீரை உடனே புளிப்பாக்கிப் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதும் அதுதான். பத்துக்கு ஒரு பங்கு இருக்க வேண்டும், அதாவது 1 லிட்டருக்கு 100 மில்லி. பையில் இருந்ததை அளந்தால் 150 மில்லிதான் வந்தது. செய்முறைத் தாளோ எடுத்த எடுப்பிலேயே மூன்றரை லிட்டர் போடச் சொல்கிறது!

நான் ஒன்றரை லிட்டர்தான் போட்டேன். பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் 4 காட்டியது, நல்லது (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). தொடங்கும்போதே நாலரைக்குக் கீழே இருந்தால்தான் வேண்டாத கிருமிகள் தலைதூக்காது. தாளில் சொன்னபடி மூன்றரை லிட்டரில் அதே 150 மில்லியை ஊற்றியவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபமாக வருகிறது, ஏனென்றால் பூஞ்சணம் பூத்ததும் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு ஜாடியை மூலையில் போட்டுவிடுவார்கள். உறை நல்ல உறை. ஐந்தாம் நாளே புது ஆடை மெல்லிசாகப் படர ஆரம்பித்தது, நாற்றம் எதுவும் இல்லை, ஆப்பிள் தோல் மாதிரி ஒரு வாசனை. இவ்வளவு நல்ல உறையைக் கொடுக்கிறவர்கள் கூட ஒரு கால் லிட்டர் திரவம் ஊற்றிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

அடுத்தது நாள் கணக்கு. தாளில் 10 முதல் 14 நாள் என்று போட்டிருக்கிறது. அறையின் வெப்பநிலை 20 முதல் 24 டிகிரி என்று அதே தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது. செங்காங்கில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் பகலில் 30, 31 டிகிரி, இரவிலும் 27-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். கும்பகோணத்தில் ராத்திரி முழுக்க வைக்கிற இட்லி மாவை இங்கே ஆறு மணி நேரத்தில் பார்க்காவிட்டால் பொங்கி மேடையெல்லாம் வழியும். அது தெரிந்திருந்தும் அச்சடித்த தாள் சொல்கிறதே என்று 12 நாள் காத்திருந்தேன். வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். மாமியார் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நல்ல காடியாப் போச்சு" என்றார். உண்மையிலேயே அது காடிதான். ஈஸ்ட் சீனியை உடைத்துக் கொஞ்சம் ஆல்கஹாலும் கேஸும் ஆக்குகிறது, பாக்டீரியா அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலம் ஆக்குகிறது, சூட்டில் இரண்டும் வேகம் பிடித்து ஓடும், நிறுத்தாவிட்டால் கடைசியில் வினிகரில்தான் போய் நிற்கும். வீணாக்கவில்லை. கால் லிட்டரை அடுத்த ஜாடிக்கு உறையாக வைத்துக்கொண்டேன், அவ்வளவு புளித்த உறை கிடைப்பது நல்லதுதான். மீதியில் சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் ஊறப்போட்டேன், பிரியாணிக்கு அப்படிப் பொருந்தியது.

அதன்பிறகு நாளை எண்ணுவதை விட்டுவிட்டேன். நாலாம் நாளிலிருந்து சுத்தமான கரண்டியால் ஆடையை ஓரமாக ஒதுக்கித் தினமும் ஒரு வாய் ருசி பார்க்கிறேன். இனிப்பு பின்னால் போய்ப் புளிப்பு முன்னால் வரும் நாள் ஒன்று இருக்கிறது, எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் ஐந்தாம் நாள் சாயந்திரம் அல்லது ஆறாம் நாள் காலை. இரண்டு மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

இனி போத்தல். இதைச் சொல்வதற்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுத உட்கார்ந்தேன்.

கேஸ் ஏற வேண்டுமானால் முதல் புளிப்பு முடிந்ததும் கொஞ்சம் பழச்சாறோ சீனியோ சேர்த்துக் காற்றுப் போகாமல் மூடி வைக்க வேண்டும், இரண்டாவது புளிப்பு என்பார்கள். உள்ளே ஈஸ்ட் விடும் கேஸ் வெளியே போக வழியில்லாமல் திரவத்தில் கரைகிறது, திறக்கும்போது நுரைக்கிறது. கிட்டில் வந்த போத்தல்கள் பார்க்க அழகானவை, சதுர வடிவம், கம்பி வைத்த மூடி. மூன்றாவது ஜாடியில் எடுத்ததை அவற்றில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு மேசைக்கரண்டி மாம்பழக் கூழ் போட்டு, தாள் சொன்னபடி 5 முதல் 7 நாள் வைக்கலாம் என்று சமையலறை அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து மகனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அலமாரிக் கதவு திறந்து கிடந்தது, கண்ணாடித் துண்டுகள் அடுப்புக்குப் பின்னால் வரை பறந்திருந்தன, கூரையில் மாம்பழக் கூழ். பக்கத்துப் போத்தலிலும் விரிசல். பகலில் நடந்திருந்தால் அந்த நேரத்தில் மகன் அந்த அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருப்பான். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

சதுரப் போத்தல் அழுத்தம் தாங்காது. உருண்டைப் போத்தலில் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும், சதுரத்தில் தட்டையான பக்கம் வெளியே உப்பப் பார்க்கும், மூலையில் போய் விரிசல் விடும். எண்ணெய், சர்பத் வைக்கச் செய்த போத்தல் அது, கேஸ் வைக்கச் செய்ததில்லை. மாம்பழமும் சீனி மிகுந்த பழம், நம் சூட்டில் மூன்று நாள் என்பதே அதற்கு அதிகம். கடைக்குப் படங்களோடு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது, பணிவாகத்தான் எழுதினார்கள், போத்தலுக்காக 15 வெள்ளி திருப்பித் தந்தார்கள். ஆனால் தினமும் மூடியைத் திறந்து கேஸை விட வேண்டும் என்று நாலாம் பக்கத்தில் போட்டிருக்கிறோமே என்றும் எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தேன். "தேவைப்பட்டால்" என்று இருக்கிறது. குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குப் போகிற பொருளில் "தேவைப்பட்டால்" என்று எழுதலாமா? இன்றுவரை அவர்கள் பக்கத்தில் அதே சதுரப் போத்தல் படம்தான் இருக்கிறது, அதனால்தான் போத்தலுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது நான் பயன்படுத்துவது சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல்கள். கேஸ் பானத்துக்கென்றே செய்தவை, நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன். இதில் இன்னொரு வசதியும் உண்டு. விரலால் அமுக்கிப் பார்த்தாலே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று தெரிந்துவிடும். ஊற்றிய அன்று அமுங்கும், கல் மாதிரி ஆனதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஒன்றரை நாள், அதிகம் போனால் இரண்டு நாள். கண்ணாடிதான் வேண்டும் என்பவர்கள் கேஸ் பானத்துக்கென்று விற்கும் உருண்டையான கனத்த போத்தலை வாங்குங்கள், கூடவே ஒரு பிளாஸ்டிக் போத்தலிலும் அதே திரவத்தை ஊற்றிப் பக்கத்தில் வையுங்கள், அது இறுகியதும் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிடுங்கள்.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடுத்த துணி வலை மாதிரி, பழ ஈ உள்ளே போய்விடும். மாமனாரின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து இரண்டாக மடித்துக் கட்டினேன், பிரச்சினை முடிந்தது.

ருசிக்கு வருகிறேன். தேநீர்ப் பைகள் பத்தும் முதல் இரண்டு மூன்று ஜாடியிலேயே தீர்ந்துவிட்டன, அதன்பிறகு கேமரன் மலைத் தூள்தான். வாசனை எண்ணெய் சேர்த்த தேயிலையைப் போடாதீர்கள், உறைக்கு ஆகாது. மசாலாத் தூளும் வேண்டாம். வாசனை எல்லாம் இரண்டாவது புளிப்பில்தான். தேக்கா ஈரச்சந்தையில் வாங்கிய இளம் இஞ்சியை நசுக்கி, இரண்டு கலமன்சி (சின்ன எலுமிச்சை) பிழிந்து போட்டது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது, இஞ்சி போட்டால் கேஸும் நன்றாக ஏறுகிறது. சங்குப்பூவை ஊறவைத்துச் சேர்த்தால் நீலம் புளிப்புப் பட்டதும் ஊதாவாக மாறும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. அன்னாசி நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே நாளில் போத்தல் இறுகிவிடுகிறது, கவனம். எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது நன்னாரி. சிராங்கூன் சாலையில் நாட்டு மருந்து விற்கும் கடையில் வாங்கிய வேரை லேசாகத் தட்டி, கொதிநீரில் ஊறவைத்து ஆறவிட்டு, அந்தத் தண்ணீரோடு அரைக் கரண்டி பனைவெல்லம். முதல் வாய் குடித்ததும் ஊரில் வெயில் காலத்தில் பேருந்து நிலையத்தில் நின்று குடித்த சர்பத் ஞாபகம் வந்துவிட்டது, அதைவிடப் புளிப்பு, அதைவிடச் சுறுசுறுப்பு. மாமியார் கேட்டு வாங்கிக் குடித்தது இது ஒன்றைத்தான்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "சர்க்கரை இல்லாத புரோபயாட்டிக் பானம், உடலின் நச்சை நீக்கும்" என்று போட்டிருக்கிறது. சர்க்கரை இல்லாதது என்பது தவறு. லிட்டருக்கு 70 கிராம் சீனி போடுகிறோம், அதாவது 100 மில்லிக்கு 7 கிராம், நியூட்ரி-கிரேடில் அது சி. ஐந்தாறு நாளில் உறை அதில் ஒரு பகுதியைத்தான் தின்கிறது, மீதி நாம் குடிக்கும் தம்ளரில்தான் இருக்கிறது, பழம் சேர்த்தால் இன்னும் கூடும். என் கணவரைப் போல எல்லைக்கோட்டில் நிற்கிறவர்கள்தான் இந்த வரியை நம்பி வாங்குவார்கள். புரோபயாட்டிக் என்ற சொல்லும் அப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் கொடுத்த விளக்கப்படி, போதிய அளவில் உட்கொண்டால் உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களுக்குத்தான் அந்தப் பெயர். வீட்டு ஜாடியில் என்ன வகை, எத்தனை இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. உயிருள்ள பானம் என்று வேண்டுமானால் சொல்லலாம், நம் நீராகாரம் மாதிரி. எனக்கு அது போதும்.

1995-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் தினமும் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் கூடி, ஒருவர் இறந்துபோனார். கொம்புச்சாதான் காரணம் என்று உறுதியாகவில்லை. ஆனாலும் அப்போது அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம், ஆரோக்கியமானவர்களுக்கு நாளுக்கு நாலு அவுன்ஸ், அதாவது சுமார் 120 மில்லி, தீங்கு செய்யாமல் இருக்கலாம் என்ற அளவில்தான் சொன்னது. நாங்கள் அந்த அளவைத் தாண்டுவதில்லை. கணவருக்கு ஒரு சின்ன தம்ளர் கொம்புச்சா, மேலே வெறும் சோடா, நிறைய ஐஸ். அவர் கேட்ட சுருக்கும் கிடைக்கிறது, சீனியும் குறைகிறது. மருத்துவரிடமும் சொல்லிவிட்டுத்தான் குடிக்கிறார். கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் வீட்டில் போட்டதைக் குடிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. எதிர்வீட்டு நஸீமா அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) ஜாடியைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, நம்மளும் குடிக்கலாமா?" என்று ஆசையாகக் கேட்டார். உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னேன்: புளிக்கும்போது ஆல்கஹால் கொஞ்சம் உண்டாகும், வீட்டில் அளக்க என்னிடம் கருவி இல்லை, இரண்டாவது புளிப்பு நீண்டால் கூடவும் செய்யும். சிங்கப்பூரில் 0.5 விழுக்காட்டைத் தாண்டினால் சட்டப்படி அது மதுபானம். "சொன்னதுக்கு நன்றிம்மா, எனக்கு வேணாம்" என்றார். அன்று சொல்லாமல் ஒரு தம்ளர் நீட்டியிருந்தால் பதினோரு வருஷப் பழக்கத்துக்கு நான் துரோகம் செய்தவளாகியிருப்பேன். கிட்டோடு வந்த தாளில் ஆல்கஹால் என்ற வார்த்தையே இல்லை. எழுதியிருக்க வேண்டும்.

செலவைக் கேட்டால், சீனியும் தேயிலையும் சேர்த்து லிட்டருக்கு ஒரு வெள்ளிகூட ஆகவில்லை, பழம் தனி. 68 வெள்ளி எப்போதோ திரும்பிவிட்டது. ஆனாலும் இன்று வாங்குவதானால் கிட் வாங்க மாட்டேன். ஏற்கெனவே போடுகிறவர் யாரிடமாவது உறையும் அரை லிட்டர் பழைய கொம்புச்சாவும் கேட்டு வாங்கிக்கொள்வேன், கண்ணாடி ஜாடியை லிட்டில் இந்தியாவில் பாத்திரக் கடையில் வாங்கிக்கொள்வேன். யாரையும் தெரியாது என்றால் கிட் வாங்குங்கள், வந்ததும் சதுரப் போத்தல்களில் எண்ணெய் ஊற்றி வைத்துவிடுங்கள்.

என்னிடம் உறை கேட்ட இரண்டு தோழிகளுக்கும் சென்ற வாரம் பிரித்துக் கொடுத்தேன். கூட வைத்துக் கொடுத்த தாளில் எழுதியது இவ்வளவுதான்: 1 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு தேக்கரண்டி தேயிலை போட்டுப் பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, 70 கிராம் சீனி கரைத்து, கை சூடு போகும்வரை ஆறவிடு. 100 மில்லி பழையதை ஊற்று, ஆடையை மிதக்கவிடு. உலோகமும் வேண்டாம், வண்ணம் பூசிய பீங்கானும் வேண்டாம், கண்ணாடி மட்டும். நெருக்கமான துணியால் கட்டி, வெயில் படாத மேடையில் வை. நாலாம் நாளிலிருந்து ருசி பார். பச்சையாக, கறுப்பாக, பஞ்சு மாதிரி ஏதாவது பூத்திருந்தால் உறையோடு சேர்த்து அத்தனையையும் கொட்டிவிட்டு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பு, வேறு உறை தருகிறேன்.